ஓர் எழுத்துக் கூட்டினால் திறக்கும் சர்வர்

ஜூன் 14, வெள்ளி.

நேற்றைய மாலைக் கணினி வகுப்புக் குறிப்பில் ஒரு தவறு. பாஸ்வேர்டும் புரொஃபைலும் ஒன்று என்று எழுதியிருக்கிறேன். அடித்துவிட்டேன். பாஸ்வேர்டு வாசல் சாவி. புரொஃபைல் உள்ளே நமக்கென்று இருக்கும் அறை. சாவி சரியாக இருந்தாலும் அறை இடிந்து கிடந்தால் குடியிருக்க முடியாது. இதைத் திருத்தாமல் விட்டிருந்தால் நானும் இன்று வரிசையில் நின்றிருப்பேன்.

அது செல்லூரில், எங்கள் கைலி மொத்த வியாபார அலுவலகத்தின் மாடிப்படி முழுக்க நின்ற வரிசை. தறிப்பட்டறைக்காரர்கள், அச்சகக்காரர்கள், காய்ச்சல் கண்ட பிள்ளையைப் போல லேப்டாப்பை மார்போடு அணைத்தபடி ஒருவர். எல்லோரும் வந்தது மலையாண்டியைப் பார்க்க. 'கணினி எண்கணிதப் பேரரசர்' என்பது அவரே சூட்டிக்கொண்ட பட்டம். பேரரசர் போன வருஷம்வரை கம்ப்யூட்டர் பழுது பார்த்தார். அப்போது இந்தக் கூட்டம் இல்லை.

செவ்வாய்க்கிழமை கரண்ட் போய் வந்ததிலிருந்து எங்களில் சிலருக்கு லாக்-இன் ஆகவில்லை. 'யூசர் புரொஃபைலை ஏற்ற முடியவில்லை' என்று திரை தெளிவாகச் சொன்னது. முதலாளி நல்லகாமன் அதைப் படிக்காமல் பேரரசருக்குப் போன் போட்டார்.

பேரரசர் இன்று வந்ததும், பில் போடும் ஊழியர் காளையின் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டினார். சர்வர் அறையில் திரைச்சீலையை இழுத்துவிட்டு, சாம்பிராணிப் புகைக்குள் தட்சணைத் தட்டோடு உட்கார்ந்து ஏதோ தட்டினார். புதுப் பெயரைப் போட்டதும் திரை பளிச்சென்று திறந்தது. கூட்டம் கைதட்டியது. காளையின் பழைய பில் ஒன்றுகூட உள்ளே இல்லை.

"பழைய பாவம் கழிஞ்சிருச்சு" என்றார் பேரரசர். வாடிக்கையாளர் தரவேண்டிய பாக்கியும் பாவத்தில் சேர்த்தி போல.

அடுத்து கணக்கு எழுதும் ருமானா.

"ஒன் பேரு எட்டும்மா. சர்வருக்கே ஆகாது. கம்ப்யூட்டர்ல மட்டுமில்ல, ஆதார்லயும் மாத்தணும்."

"நேத்துப் போன்ல அஞ்சுன்னீங்க. ராத்திரியில வளந்திருச்சா?"

படிக்கட்டில் யாரோ சிரித்தார்கள். பேரரசர் முகம் கறுத்தது. "இந்தப் பேரு இருக்கிறவரைக்கும் இங்க எதுவும் தேறாது முதலாளி."

"எங்க அத்தா வச்ச பேரு. ஒரு எழுத்தும் மாத்த மாட்டேன்."

"அப்ப நாளையிலருந்து வேலைக்கு வராதம்மா" என்றார் முதலாளி. "ஒருத்தியால அம்புட்டுப் பேருக்கும் தோசம்."

வகுப்பில் கேட்டதை மறுபடியும் தப்பாகக் குறித்திருந்தால்? என் வேலையும் போகும். ஆனாலும் கேட்டுவிட்டேன். "அண்ணே, இருக்கிறதுலயே ஆகாத பேரு எது?"

"சனியன். அந்தப் பேரைத் தட்டுனா சர்வரே வெடிச்சிரும் மாப்ள."

"அதையே தட்டிப் பாப்பமா?"

முதலாளி பதறினார். வரிசைக்கோ குஷி. "தட்டச் சொல்லுங்கண்ணே, பாத்துருவோம்!" கூச்சல் தாங்காமல் முதலாளி சர்வர் பாஸ்வேர்டைப் போட்டுக் கொடுத்தார். திரைச்சீலையை விலக்கினேன். சாம்பிராணியை வெளியே வைத்தேன். எல்லோரும் பார்க்க, 'சனியன்' என்று ஒரு புதுக் கணக்கு உண்டாக்கி, அந்தப் பெயரில் லாக்-இன் செய்தேன். முன்னால் நின்றவர்கள் இரண்டு படி இறங்கி நின்றார்கள்.

'வருக, சனியன்' என்றது திரை.

எதுவும் வெடிக்கவில்லை, ருமானாவின் சிரிப்பைத் தவிர.

"எந்தப் புதுப் பேரு போட்டாலும் சர்வர் ஒரு புது அறை கட்டிக் குடுக்கும் முதலாளி" என்றேன். "கரண்ட் போனப்ப கெட்டது பழைய அறை. சாமான் அதுக்குள்ளதான் கெடக்கு." காளையின் பழைய ஃபோல்டரைத் திறந்து காட்டினேன். பாவங்கள் அத்தனையும் தேதிவாரியாக இருந்தன.

"என் பில்லு!" என்று காளை கத்தினார். "கழிஞ்சிருச்சுன்னியே, யோவ்!"

பேரரசர் தட்சணைத் தட்டை எடுக்கப் போனார். அதன்மேல் காளையின் கை இருந்தது. பேரரசர் வெறுங்கையோடு இறங்கிப் போனார்.

முதலாளி ருமானாவின் முகத்தைப் பார்க்கவில்லை. "நாளைக்கு வந்துரும்மா."

"எந்தப் பேர்ல வரணும் முதலாளி?"

"அதே பேர்லதான்."

எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். லேப்டாப்காரர் மட்டும் நகரவில்லை. "தம்பி, அந்த ஆளு போகட்டும். நீங்க சொல்லுங்க, எனக்கு எந்த எழுத்தக் கூட்டணும்?"

"எழுத்தக் கூட்ட வேணாம்ணே. திரையில இருக்கிறத எழுத்துக் கூட்டிப் படிங்க, போதும்."

நாளை செய்ய வேண்டியது: ருமானாவின் கோப்புகளுக்கு முதலில் நகல் எடுக்க வேண்டும். பிறகு அதே பெயரில் புரொஃபைலைப் புதிதாக அமைக்க வேண்டும். கடைசியாகச் சனியனை நீக்க வேண்டும்.