ஆட்டை விழுங்கிய தோட்டம்

கீழே வைத்த புல்வெட்டி மேசினைக் காணவில்லை.

குணசீலன் ஒரு குவளை பால் போடாத தே ஓ குடிக்கத்தான் உள்ளே போனான். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. திரும்பி வந்து பார்த்தால் மேசினும் இல்லை, மேசினை வைத்த இடமும் இல்லை. ஒரு மணி நேரமாக அவன் வளைந்து வளைந்து வெட்டிக்கொண்டு போன பாதை, இரண்டு பக்கத்து லாலான் புல்லும் சாய்ந்து விழுந்ததில் மூடிக்கொண்டுவிட்டது. எந்தப் பக்கம் திரும்பினாலும் நெஞ்சளவு பச்சை.

"பவளம்! யாரோ மேசினத் தூக்கிட்டுப் போய்ட்டாங்க!"

பவளம் சமையலறைச் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

"யாரு? அந்தக் காட்டுக்குள்ள பூந்து, வழி கண்டுபிடிச்சு, தூக்கிட்டு வெளியவும் வந்துட்டானா? அவன விட்றாதீங்க. நம்ம தோட்டத்துக்கு அவன்தான் ஆளு."

மேசின் அவனுடையதாக இருந்திருந்தால் குணசீலனும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பான். அது எதிர்வீட்டு யாப் தவுக்கேயுடையது. மோட்டார் சைக்கிள் பட்டறை முதலாளியான யாப், தன் மேசின்களைப் பிள்ளைகளைவிடப் பத்திரமாகப் பார்த்துக்கொள்பவர். கொடுக்கும்போதே, "கீறல் விழாம வரணும், குணா" என்றுதான் கொடுத்தார்.

தைப்பிங் ஊரில் மழைக்குப் பஞ்சமில்லை. நான்கு வருடம் பூட்டிக் கிடந்த வீட்டின் பின்பக்கம் என்ன ஆகுமோ அது ஆகியிருந்தது. வாடகை மலிவு என்று குணசீலன் மூலைவீட்டை ஓடிப்போய்ப் பிடித்தான். வீட்டுக்காரி மேடம் சூ ஈப்போவில் இருந்தார். ஒப்பந்தத்தில் ஒரே ஒரு நிபந்தனை: ஒரு மாதத்துக்குள் தோட்டம் துப்புரவாக வேண்டும்; அப்போதுதான் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்து. இல்லையென்றால் சாமான்களை மறுபடியும் லோரியில் ஏற்ற வேண்டியதுதான். அந்த ஒரு மாதம் வரும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு முடிகிறது. இன்று வெள்ளிக்கிழமை.

தோட்டம் வெட்டுகிற ஆள் வந்து பார்த்துவிட்டு கூலி ஆயிரத்து இருநூறு வெள்ளி கேட்டான். முன்பணம், லோரி வாடகை எல்லாம் போக வீட்டில் இருந்தது நூற்று முப்பது. குடிவந்த வாரமே அக்கம்பக்கத்தார், "கோத்தோங் ரோயோங் போட்றலாம், எல்லாரும் சேந்தா ஒரே நாள்ல முடிஞ்சிரும்" என்று வந்து நின்றார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் சோறு போட வேண்டுமே என்று குணசீலன் மனசுக்குள் கணக்குப் போட்டான். அதை வெளியே காட்ட முடியுமா?

"இதெல்லாம் ஒரு வேலையா? நானே பாத்துக்குறேன்" என்று சிரித்து அனுப்பிவிட்டான்.

அன்றைக்குச் சிரித்ததுதான். அப்புறம் சிரிக்கவில்லை.

"இப்ப என்ன பண்ணப் போறீங்க?" என்றாள் பவளம்.

"ஆடு" என்றான் குணசீலன்.

"என்னது?"

"மைமுனா அக்காகிட்ட ஒரு ஆடு இருக்குல்ல? அதக் கொண்டாந்து கட்டுனா புல்லத் தின்னும். தின்னத் தின்ன மேசின் தானா வெளிய தெரியும். ஒரே கல்லுல ரெண்டு மாங்கா."

"கையுறை கம்பெனில உங்கள நம்பி சரக்குக் கிடங்கையே குடுத்திருக்காங்க, பாருங்க" என்று சொல்லிவிட்டுப் பவளம் சன்னலைச் சாத்தினாள்.

மூன்றாம் வீட்டு மைமுனா அக்கா தாராள மனசுக்காரர். "தாராளமா கூட்டிட்டுப் போ. பேரு மானிஸ். செல்லமா வளந்தது, திட்டக் கூடாது. லாலான் தின்னுமான்னு தெரியல, நான் பிஸ்கட் குடுத்துப் பழக்கிட்டேன்."

மானிஸ் லாலானை முகர்ந்து பார்த்துத் தும்மியது. கொடியில் காய்ந்துகொண்டிருந்த குணசீலனின் வேலைச் சட்டையை இழுத்து, கையிலிருந்து ஆரம்பித்து, கம்பெனிப் பெயர்வரை தின்றது. குணசீலன் கத்திக்கொண்டு ஓடிவந்தான். திட்டக் கூடாது என்பது மறந்துபோயிற்று. ஆடு ஒரே உலுக்கில் கயிற்றை அறுத்துக்கொண்டு காட்டுக்குள் பாய்ந்தது. புல் இரண்டு தடவை அசைந்தது. பிறகு அசையவில்லை.

"மானிஸ்! வாம்மா! தங்கம்!"

காடு பேசாமல் இருந்தது.

சனிக்கிழமை காலை, மேலேயிருந்து பார்த்தால் தெரியும் என்று ரம்புத்தான் மரத்தில் ஏறினான். ஆடு தெரியவில்லை. மரத்தில் முசுறு இருந்தது. ஓர் எறும்பு கடித்தபோது பொறுத்துக்கொண்டான். நூறு கடித்தபோது இடுப்பில் இருந்ததையெல்லாம் தட்டிக்கொண்டு இறங்கினான். அப்படித் தட்டியதில் கிடங்குச் சாவிக்கொத்து பறந்து போய் எங்கோ நடுக்காட்டில் 'சலக்' என்று விழுந்தது. திங்கட்கிழமை ஏழு மணிக்கு அவன்தான் கிடங்கைத் திறக்க வேண்டும்.

"மேசினு, ஆடு, சாவி" என்று விரல் விட்டு எண்ணினாள் பவளம், அவன் முதுகில் மஞ்சள் பூசிக்கொண்டே. "நானும் பிள்ளைங்களும் அந்தப் பக்கம் வரமாட்டோம், சொல்லிட்டேன்."

"எனக்கு மட்டும் ஆசையா?" என்றான் குணசீலன். "நாளைக்கு அஞ்சு மணிக்கு அந்தம்மா வந்து பாத்துச்சுன்னா நம்மள வெளிய அனுப்பிரும் பவளம். மறுபடியும் எங்க போறது?"

பவளம் மஞ்சள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வாசல் பக்கம் போனாள்.

சாயங்காலம் வாசலில் செருப்புச் சத்தம். யாப் தவுக்கே ஒரு பக்கம், மைமுனா அக்கா ஒரு பக்கம்.

"மேசின் எங்க?" என்றார் யாப்.

"ஆடு எங்க?" என்றார் மைமுனா அக்கா.

குணசீலன் தலையைக் குனிந்துகொண்டு தோட்டத்தைக் காட்டினான். "ரெண்டும்... உள்ளதான் இருக்கு."

"உள்ளன்னா?"

"உள்ளன்னா உள்ளதான், தவுக்கே. எங்கன்னு தெரியல."

யாப் தவுக்கேயின் முகம் சிவந்தது. மைமுனா அக்கா தோட்டத்தைப் பார்த்தார், குணசீலனைப் பார்த்தார், வாசல்படியில் நின்ற பவளத்தைப் பார்த்தார். பிறகு நெஞ்சில் கை வைத்து ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், தெருவில் எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது.

"என் மானிஸ்! பிஸ்கட் குடுத்து வளத்த பிள்ள! காலையில நானே ஆளக் கூட்டிட்டு வர்றேன். ஒரு புல்லு மிச்சம் வெக்கமாட்டேன், என் ஆடு கெடைக்கிற வரைக்கும்!"

"நானும் வர்றேன்" என்று உறுமினார் யாப்.

சொன்னபடி ஞாயிறு காலை எட்டு மணிக்கே வந்துவிட்டார்கள். மைமுனா அக்காவும் அவர் கணவர் இட்ரிஸும். யாப்பும் பட்டறை ஆட்கள் இருவரும். தெருக்கோடியிலிருந்து இன்னும் நான்கைந்து பேர். ஆளுக்கொரு பாராங்கத்தி, மண்வெட்டி. இட்ரிஸ் லோரி ஓட்டுபவர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். வந்ததும் சட்டையைக் கழற்றி வேலியில் மாட்டிவிட்டு, யாரிடமும் எதுவும் கேட்காமல் வெட்ட ஆரம்பித்தார்.

ஒன்பதரைக்கு மேசின் கிடைத்தது. கீறல் இல்லை. யாப் அதைத் தடவிக் கொடுத்துவிட்டு, கயிற்றை இழுத்துக் கிளப்பினார். "என் மேசின் கெடச்சிருச்சு. இப்ப ஆட்டுக்காக வெட்டுறேன்."

பதினோரு மணிக்குச் சாவிக்கொத்து கிடைத்தது. பாதித் தோட்டம் வெறும் தரையாகியிருந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. ஒவ்வொருவராக மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு உட்கார ஆரம்பித்தார்கள்.

"ஆடு உள்ள இல்ல போலருக்கே" என்றார் யாரோ.

"இருந்தா இந்நேரம் சத்தமாச்சும் கேக்கும்" என்றார் யாப்.

குணசீலன் நிமிர்ந்து பார்த்தான். இன்னும் பாதிக் காடு நிற்கிறது. இவர்கள் இப்போது எழுந்து போய்விட்டால்? ஐந்து மணிக்கு மேடம் சூவுக்குப் பாதித் தோட்டத்தையா காட்டுவது?

"நான் போய் ஐஸ் வாங்கிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான். சுற்றிக்கொண்டு பின்சந்துக்கு ஓடினான். வேலிக்கு அந்தப் பக்கம், சாக்கடை ஓரமாகக் குந்தி, கண்ணை மூடிக்கொண்டான். வாழ்நாளில் செய்யாத காரியம்.

"ம்ம்மே... ஏஏ..."

உள்ளே பேச்சு நின்றது.

"கேட்டுச்சா?" என்று மைமுனா அக்காவின் குரல் எழும்பியது. "என் மானிஸ்! வேலிப் பக்கம்! எந்திரிங்க, எந்திரிங்க!"

மேசின் மறுபடி உறுமியது. குணசீலனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பத்தடி தள்ளிப் போய் இன்னொரு தடவை கத்தினான். பாராங்கத்திகள் அந்தப் பக்கம் திரும்பின. இடது மூலையில் ஒரு கத்தல். இடது மூலை காலி. வலது மூலையில் இரண்டு; வலது மூலையும் காலி. சரக்குக் கிடங்கில் ஆள்களை ஏவிப் பழகியவன், இப்படி ஓர் ஏவல் ஏவியதே இல்லை.

நடுவில் காய்கறி விற்கிறவன் மோட்டாரை நிறுத்தி, "என்னண்ணே, வயித்து வலியா?" என்றான்.

"போய்யா, போய்யா" என்று கையால் விரட்டினான் குணசீலன்.

ஒரு தடவை கத்தும்போது தூசி போய்த் தொண்டையில் இருமல் வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. ஆடு ஆறு முறை இருமியது.

வேலிக்கு உள்ளே பாராங்கத்திகள் நின்றன.

"பாவம், மானிஸுக்குச் சளி புடிச்சிருச்சு" என்றார் மைமுனா அக்கா.

"என்ன ஆடு இது? ஒரு நேரம் அங்க, ஒரு நேரம் இங்க" என்றார் யாப்.

"அது அப்படித்தான் தவுக்கே. துறுதுறுன்னு இருக்கும்."

ஐஸ் கட்டிகளோடு அவன் திரும்பி வந்தபோது, பவளம் அவன் கையில் ஒரு குவளை இஞ்சித் தண்ணீர் கொடுத்தாள்.

"எதுக்கு?"

"வெயில்ல சுத்துறீங்களே. குடிங்க."

மூன்றரை மணிக்குத் தோட்டம் முடிந்தது. நான்கு மூலையும் தெரிந்தது. காட்டுக்கு நடுவில் ஒருவருக்கும் தெரியாமல் ஒரு வரிசை மரவள்ளி, ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்றது. இட்ரிஸ் ஒன்றைப் பிடுங்கினார், தொடையளவு கிழங்கு. எல்லாம் இருந்தது, ஆடு இல்லை. வேலியின் அடியில் ஒரு ஓட்டையைக் காட்டி, "இப்படிப் போயிருக்குமோ..." என்று இழுத்தான் குணசீலன். மைமுனா அக்கா பெருமூச்சு விட்டார். யாரும் திட்டவில்லை. அதுதான் அவனை என்னவோ செய்தது.

ஐந்து மணிக்கு மேடம் சூ வந்தார். பின்கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"அந்த வேலி எங்கப்பா போட்டது. நாலு வருசமா நான் அதப் பாக்கல" என்றார். "எவ்வளவு செலவாச்சு?"

"ஐஸுக்கு நாலு வெள்ளி" என்றாள் பவளம்.

மேடம் சூ சிரித்துவிட்டார். காரின் முன்பக்கத்தில் வைத்தே இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டார். வாடகை அதேதான். குணசீலன் அந்தத் தாளை இரண்டு கையாலும் வாங்கினான். தெருவே கைதட்டியது. அவன் நெஞ்சு நிமிர்ந்தது. யாரிடமும் போய் நிற்கவில்லை. யாரிடமும் கை நீட்டவில்லை. புத்தியை மட்டும் வைத்து ஒரு காட்டையே ஜெயித்திருக்கிறான்.

பவளம் இரண்டு அண்டா மரவள்ளியை வேகவைத்து, நெத்திலி சம்பலோடு வெறும் தரையில் பாய் விரித்துப் பரிமாறினாள். மேடம் சூகூட ஒரு தட்டு வாங்கிக்கொண்டார். எல்லாரும் சிரித்துப் பேசிச் சாப்பிட்டார்கள். குணசீலனுக்கு மட்டும் இரண்டாவது வாய் இறங்கவில்லை. எதிரே மைமுனா அக்கா. பிள்ளை மாதிரி வளர்த்த ஆட்டைத் தொலைத்துவிட்டு, அவன் வீட்டுக் கிழங்கைத் தின்றுகொண்டு, அவனைப் பார்த்துச் சிரிக்கிறார்.

அவன் தட்டைக் கீழே வைத்தான்.

"அக்கா... ஆட்ட நான் எப்படியாச்சும் தேடிக் கொண்டாந்துருவேன். இல்லன்னா வேற ஆடு வாங்கித் தந்துருவேன். இன்னொன்னும் சொல்லணும். இன்னிக்கு வேலிக்குப் பின்னால சத்தம் கேட்டுச்சே, அது..."

சட்டென்று எல்லாரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். யாப் தவுக்கே வானத்தைப் பார்த்தார். மைமுனா அக்கா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டார். பவளம் அண்டாவுக்குப் பின்னால் குனிந்தாள்.

காலையிலிருந்து வாயே திறக்காத இட்ரிஸ், இன்னொரு துண்டு மரவள்ளியைச் சம்பலில் தொட்டுக்கொண்டே சொன்னார்:

"ஆடு வெள்ளிக்கெழம மக்ரிப் தொழுகைக்கு முன்னாடியே வீட்டுக்கு வந்துருச்சு தம்பி, ஆனா நீ அவ்வளவு ஆசையா கத்துறப்ப, வேலைய நிறுத்துறதுக்கு யாருக்கு மனசு வரும்?"