தகரம் தட்டிய தகப்பன்

தொம்.

ஞானவேல் டீ கிளாசைக் கீழே வைத்தார். மறுபடியும் தொம். எட்டிப் பார்த்தால், பத்தாவது படிக்கிற மகள் சுசித்ரா பின்வாசலில் ஸ்டூல் போட்டு ஏறி ஏறிக் குதித்துக்கொண்டிருக்கிறாள்.

"ஏய், எறங்குடி!"

"எறங்கத்தாம்ப்பா பழகுறேன்."

பேத்துப்பாறையில் பூண்டு போடுகிறவர் ஞானவேல். யார் எதைச் செய் என்றாலும் செய்ய மாட்டார். செய்யாதே என்றால் கட்டாயம் செய்வார். மருந்து அடிக்காதே என்று ஆபீஸர் சொல்லிவிட்டு ஜீப் ஏறுவதற்குள் அடித்துவிடுவார்.

ஆனால் மகள் குதிப்பதைக் கண்டு அவர் பயந்ததற்குக் காரணம் இருந்தது. போன வருஷம் மூத்தவன் செல்வமுருகன் கபடியில் எம்பி விழுந்து, முட்டிக்குள்ளே சவ்வு கிழிந்து, இன்னமும் சுவரைப் பிடித்துத்தான் படியேறுகிறான். இப்போது மகள் வாலிபால். அடுத்த மாசம் ஒரு சனிக்கிழமை ஆயக்குடியில் மேட்ச்.

அன்று சாயந்திரம் பி.டி. மாஸ்டர் ஜெயமுருகனே வீட்டுக்கு வந்தார். ஞானவேலின் மனைவி முருகேஸ்வரி அவரை வாசலிலேயே நிறுத்தி என்னமோ பேசிவிட்டுத்தான் உள்ளே விட்டாள்.

"முட்டி போறதுக்கு முட்டி மட்டும் காரணமில்லைங்க. கீழ வர்ற அந்த நொடியில காலை எப்படி மடக்கணும்னு மூளைக்குத் தெரியணும். பழகப் பழக மூளையே மாறும். காட்டுல நடந்து நடந்து தடம் விழுதுல்ல, அது மாதிரி."

"அப்ப மூளையக் குதிக்கச் சொல்லுங்க. எம்பிள்ள எதுக்குக் குதிக்கணும்?"

மாஸ்டர் முருகேஸ்வரியைப் பார்த்தார். பிறகு குரலைக் கண்டிப்பாக்கிக்கொண்டார்.

"ஒண்ணே ஒண்ணுங்க. அவ குதிக்கையில நீங்க மட்டும் குறுக்க வரக் கூடாது. பேச்சுக் குடுக்காதீங்க. தரையை மாத்தாதீங்க. சத்தமே ஆகாது. ஒழுங்கா எறங்கத் தெரியாதவள நான் கோர்ட்டுல விட மாட்டேன்."

அவர் போனதும் ஞானவேலுக்கு இருப்புக் கொள்ளவில்லை. என் வீட்டில் நான் பேசக் கூடாதா? அதோடு ஒரு யோசனையும் வந்தது. பழக்கம் கெட்டால் டீமில் இல்லை. டீமில் இல்லையென்றால் முட்டி பிழைத்தது.

மறுநாள் வெள்ளனே, மகள் ஸ்டூலை விட்டு எழும்பிய நேரம் பார்த்துக் கத்தினார்.

"ஒன் பெரியத்தை மக பேரு என்ன?"

சுசித்ரா தடுமாறி, முட்டி உள்பக்கம் சாய, சுவரில் கை ஊன்றினாள். "சண்முகவள்ளிப்பா!"

ஞானவேல் தெம்பாகத் தோட்டத்துக்குப் போனார். ஆனால் சொந்தக்காரர்கள் தீர்ந்து போகிற அளவுக்குக் கேட்ட பிறகு, அவள் அந்தரத்திலேயே பதிலைச் சொல்லிவிட்டு நோகாமல் இறங்கினாள். தொம் போய் தொப் ஆனது.

"பேசினதோட விடுங்க," என்றாள் முருகேஸ்வரி. "தரையில மட்டும் எதையும் போட்டுறாதீங்க. சார் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு."

ஞானவேல் பூண்டுச் சாக்கை மடித்துப் போட்டார். ஒரு நாள் ஒற்றை மடிப்பு, ஒரு நாள் பாதிச் சாக்கு. மகள் முதலில் ஆடினாள், அப்புறம் ஆடவில்லை. சாக்கு கிடப்பதை மறந்து அவசரமாகக் கொல்லைக்குப் போன ஞானவேல்தான் குப்புற விழுந்தார். கணுக்கால் கொழுக்கட்டையாகிவிட்டது.

எண்ணெய் தேய்த்தபடி முருகேஸ்வரி சொன்னாள்: "நல்லவேளை, தகரம் கிகரம் தட்டல நீங்க. சத்தம்னா அவளுக்கு ஒதறும்."

அடுத்த நாள் பொழுது சாய, நொண்டிக்கொண்டே போய் டின் தகரத்தை எடுத்தார். மகள் எழும்பினாள். டம டம டம!

பேத்துப்பாறையில் அந்தச் சத்தத்துக்கு ஒரே அர்த்தம்தான். தெருவே கம்போடு ஓடி வந்தது.

"காட்டுமாடு எங்கண்ணே?" பக்கத்து வீட்டு மாரிமுத்துவுக்கு மூச்சு வாங்கியது.

மகளைக் கலைக்கத் தட்டினேன் என்று எப்படிச் சொல்வது?

"இப்பத்தான்... பூண்டுக்குள்ள போச்சு."

"ஏலே, வெரசா வாங்கடா!"

மாடே வராத பாத்தியை ஆட்கள் மிதித்துத் துவைத்துவிட்டுப் போனார்கள். திரும்பிப் பார்த்தால் சுசித்ரா மறுபடி ஸ்டூல் மேல் நிற்கிறாள். குதித்தாள். சத்தமே இல்லை.

அந்தச் சனிக்கிழமை ஆயக்குடி மைதானத்தில் ஞானவேலால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. கடைசி ஆட்டம். ரோட்டில் பழனிக்குப் போகிற காவடிக் கூட்டம், மேளம் காதைப் பிளக்கிறது. சுசித்ரா வலைக்கு மேலே எழும்பினாள். எதிர்ப்பக்கத்துப் பிள்ளை நிலைதடுமாறி வந்து, அந்தரத்தில் இருந்தவள் இடுப்பில் மோதியது.

ஞானவேல் கண்ணை இறுக மூடிக்கொண்டார். மூத்தவன் விழுந்த சத்தம் இன்னும் காதில் இருந்தது. அதே தொம்முக்குக் காத்திருந்தார்.

வரவில்லை.

கண்ணைத் திறந்தார். மகள் ஒற்றைக் காலில் இறங்கி, மறுகாலை ஊன்றி, முட்டி நேராக மடங்க, அடுத்த பந்துக்குக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

ஆட்டம் முடிந்ததும் நொண்டியபடி மாஸ்டரிடம் போனார். கண்ணில் தண்ணீர், வாயில் வீராப்பு.

"பாத்தீங்களா! பேச்சுக் குடுத்தேன், சாக்குப் போட்டேன், தகரம் தட்டினேன். நீங்க கூடாதுன்ன ஒண்ணையும் நான் விடல. எம்பிள்ள முட்டிக்கு ஒண்ணும் ஆகல. ஒங்க மூளைத் தடமெல்லாம் சுத்தப் புளுகுய்யா!"

கூட வந்திருந்த முருகேஸ்வரி மாஸ்டரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். அவர் சந்தோஷத்தில் கவனிக்கவில்லை.

"அதத்தாங்க செய்யணும்! கவனம் கலைஞ்சாலும் ஒழுங்கா எறங்கப் பழகுனாத்தான் அந்தத் தடம் விழும். மத்த வீட்டுல எல்லாம் பேச்சுக் குடுங்க, தரையை மாத்துங்க, சத்தம் போடுங்கன்னு கெஞ்சிப் பாத்தேன், ஒருத்தரும் செய்யல. உங்க வீட்டம்மா மட்டுந்தான், 'எங்க வீட்டுக்காரர்கிட்ட கூடாதுன்னு சொல்லிட்டுப் போங்க சார், மிச்சத்த நான் பாத்துக்கிறேன்'னாங்க."