மங்களம் பார்த்த மென்பொருள் சம்பந்தம்

பருத்திப்பட்டு,
சனிக்கிழமை.

மதிப்புக்குரிய மச்சான் குணசேகரன் அவர்களுக்கு,

ரவிச்சந்திரன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் ஏரிக்கரைக் கொசுக்களும் நலம். ஐயப்பன்தாங்கலில் உங்கள் நலமும் அக்காவின் முழங்கால் நலமும் எப்படி? உங்கள் தங்கை மங்களம் மிக மிக நலம். பிரச்சினையே அதுதான்.

எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்குப் பதினொரு வருடமாக நான்தான் செயலாளர் என்பது உங்களுக்குத் தெரியும். நாளை பொதுக்குழு. கீழ்வீட்டு ஜஸ்டினுக்கு என் நாற்காலி மேல் ஒரு கண். "தண்ணி லாரி எப்போ வரும்னு இன்னும் பலகைல சாக்பீஸ்ல எழுதிக்கினு கீறாரு, இவருல்லாம் ஒரு செயலாளரா?" என்று மாடிக்கு மாடி கேட்டுவிட்டார். பொதுக்குழுவுக்குள் சங்கத்துக்கு வலைத்தளம் வராவிட்டால் என் பதவி போச்சு. செய்திகளை நாமே எழுத, மாற்ற, படம் போட அதற்கொரு மென்பொருள் வேண்டுமாம். ஐ.டி.யில் வேலை பார்க்கும் மூன்றாம் மாடி நிவேதிதா, ஓப்பன் சோர்ஸ் போதும், இலவசம், யார் வேண்டுமானாலும் உள்ளே பிரித்துப் பார்க்கலாம் என்றாள். ஜஸ்டினோ, கம்பெனி மென்பொருளுக்குச் சந்தா கட்டினால் கேட்பதற்கு ஒரு ஆளாவது இருப்பான் என்றார். எனக்கு இரண்டுமே புரியாததால் மங்களத்திடம் சொன்னேன். அங்கேதான் சனி பிடித்தது.

நம் குடும்பத்தில் ஐந்து கல்யாணம் முடித்துவைத்தவள் அல்லவா, இதையும் வரன் பார்ப்பது போலவே பார்க்க ஆரம்பித்துவிட்டாள். "அப்பா அம்மா யாரும்மா?" என்று நிவேதிதாவைக் கேட்டாள். "உலகம் பூரா ஆயிரக்கணக்கான பேர் சேர்ந்து எழுதினது ஆன்ட்டி" என்றது அந்தப் பெண். மங்களம் என்னைத் தனியே இழுத்து, "இன்னாங்க, குடும்பம் கோத்திரம் இல்லாத எடமா கீது?" என்றாள். அது வெளியான தேதியை வாங்கிக்கொண்டு கரையான்சாவடி ஜோசியரிடம் போனோம். அவர் பிறந்த ஊர் கேட்டார். இணையம் என்றேன். நோட்டை மூடிவிட்டு என் நெற்றியில் விபூதி பூசினார்.

அக்கம்பக்கம் விசாரிக்க வேண்டாமா? இரண்டில் ஒன்றை வைத்திருக்கும் அம்பத்தூர் குடியிருப்புகளுக்கு ஸ்கூட்டரில் கூட்டிப்போகச் சொல்லி, வாசலிலேயே, "கெட்ட பழக்கம் ஏதாச்சும் உண்டா?" என்று கேட்டாள். ஓப்பன் சோர்ஸ் வைத்திருந்தவர்கள், தங்கமானதுதான், ஆனால் அவ்வப்போது புதுப்பிக்காவிட்டால் படுத்துவிடும், நாம்தான் வைத்தியம் பார்க்க வேண்டும் என்றார்கள். கம்பெனியோடு இருந்தவர்கள், படுத்தால் அவர்களே ஓடிவருவார்கள், ஆனால் விலகும்போது நாம் எழுதிவைத்ததை வெளியே எடுப்பது பெரும்பாடு என்றார்கள். மங்களம் காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்துவிட்டாள். "பொறந்த ஊட்டுக்கு அனுப்பாத சம்பந்தம் நமக்கு வாணாம். சீக்காளின்னாலும் நம்ம கையில இருக்கட்டும்!"

ஆக, புதன்கிழமை நல்ல நேரத்தில் ஓப்பன் சோர்ஸ் வீட்டுக்கு வந்தது. கல்யாணப் பத்திரிகையில் ஒரு பெரியப்பா பெயர் விட்டுப்போனால் என்ன ஆகும் என்று அறிந்தவன் நான். யாருக்கும் மனக்குறை வேண்டாமென்று நாற்பத்தெட்டு வீட்டுக்கும் தளத்தில் எழுதுவதற்கான கடவுச்சொல்லைக் கவரில் போட்டு, மூலைக்கு மூலை மஞ்சள் தடவி, வெற்றிலை பாக்கோடு கொடுத்தேன். மதியத்துக்குள் முகப்பில் மாங்காய் ஊறுகாய் விற்பனை, அதற்குக் கீழே யாருடைய பேரனுக்கோ மொட்டை போட்ட படம். எல்லாவற்றுக்கும் மேலே ஜஸ்டின், "செயலாளர் ராஜினாமா" என்று பெரிதாகப் போட்டிருக்க, பன்னிரண்டு பேர் எனக்கு ஓய்வுக்கால வாழ்த்து வேறு எழுதியிருந்தார்கள். அழிக்கத் தெரியாமல் அழுதுவிட்டேன் மச்சான், நிஜமாகவே. மங்களம்தான் நிவேதிதாவிடம் ஓடிக் கற்றுக்கொண்டு, எல்லாவற்றையும் துடைத்து, கடவுச்சொல்லையும் மாற்றினாள். இப்போது தளம் பளிச்சென்று இருக்கிறது. நாளை ஜஸ்டின் மூக்கு உடைவதும் பதவி எனக்கே என்பதும் உறுதி. வெற்றிச் செய்தியை முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி, முழங்காலுக்குத் தைலம் தனியே அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ரவிச்சந்திரன்,
செயலாளர்.

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் போட மறந்துவிட்டேன். இன்று ஞாயிறு, பொதுக்குழு முடிந்து எழுதுகிறேன். ஜஸ்டின் தோற்றார். நானும்தான். தளத்தைக் காப்பாற்றியவரே செயலாளராக இருக்கட்டும் என்று மங்களத்தை ஏகமனதாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். என் பெயருக்குக் கீழே உள்ள பட்டத்தை அடித்துவிட்டு வாசிக்கவும். தளத்தில் அவளுக்கு வாழ்த்து எழுதலாமென்று புதுக் கடவுச்சொல்லைக் கேட்டேன். "மனு குடுங்க, பாக்கலாம்" என்கிறாள். கொடுத்திருக்கிறேன். அண்ணன் என்ற முறையில் நீங்கள் ஒரு சிபாரிசுக் கடிதம் அனுப்பவும்.