சுபஹுக் காக்கா அதிபர் பார்த்த கதை

கல்முனையில் எழுபதுகளில் கலியாணம் முடித்தவர்களை நிறுத்தி விசாரித்தால் பாதிப்பேர் சுபஹுக் காக்காவைத் திட்டுவார்கள். மற்றப் பாதிப்பேர், மனைவி எழும்பி உள்ளே போனபிறகு திட்டுவார்கள். அவர் எங்கள் பகுதியின் கலியாணத் தரகர்; காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன். வாக்காளர் இடாப்பில் அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கத்தான் வேண்டும். அதை நான் கேட்டவனில்லை, வேறு யாரும் கேட்டதாகவும் தெரியவில்லை.

விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்து சலாம் கொடுத்த கையோடு புறப்படுவார். நீங்கள் பல் விளக்கிவிட்டு வருவதற்குள் உங்கள் விறாந்தையில், உங்கள் கதிரையில் உட்கார்ந்திருப்பார். ஏன் காக்கா இந்நேரத்தில் என்று கேட்டால் ஒரே பதில்தான்.

“தேத்தண்ணி குடிக்க முந்தி எந்த மனிசனுக்கும் ‘இல்ல’ எண்டு சொல்லப் பெலன் வராது மனே.”

இன்னொரு பழக்கமும் இருந்தது. எந்த வீட்டுக்குப் போனாலும் உள்ளே கால் வைக்குமுன் வாசலில் கிடக்கும் செருப்புகளை நின்று பார்ப்பார். “மூஞ்சிக்குப் பவுடர் பூசலாம். வீட்டுக்குச் சுண்ணாம்பு பூசலாம். செருப்புக் கிடக்கிற கிடைய ஒருத்தனாலயும் மறைக்கேலா” என்பார். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணைப் பார்க்காமலேயே திரும்பி வந்த தரகர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

இப்படிப்பட்டவரிடம் கண் தெரியாத பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு அதிபர், அதாவது தலைமையாசிரியர், தேடும் வேலையை ஒப்படைத்தோம் என்றால், எங்கள் நிலைமை என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பள்ளிக்கூடம் என்பது கடற்கரை வீதியில் ஒரு பழைய நெல் களஞ்சியம். பதினாலு பிள்ளைகள், எல்லோரும் அங்கேயே தங்கிப் படித்தார்கள். படுக்கும் அறையிலிருந்து கிணற்றடிக்கு ஒரு கயிறு கட்டியிருந்தோம், அதைப் பிடித்துக்கொண்டு போய் வருவார்கள். இருந்த அதிபர் நோயாளியாகி மகள் வீட்டோடு போய்விட்டார். மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. திங்கட்கிழமை அதிகாரி வருவார், பிரெய்ல் பயிற்சி பெற்ற ஓர் அதிபர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைகளை வீடுகளுக்கு அனுப்பிவிட வேண்டும்.

நான் நீர்ப்பாசனக் கந்தோரில் கிளார்க். பள்ளிக்கூடத்துக்குச் சம்பளமில்லாத செயலாளர். அந்தக் கடிதம் வந்த நாளிலிருந்து கந்தோர் விட்டதும் அதிபர் தேடித்தான் அலைந்தேன்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பதினாலில் ஒன்று என் மகள் றஹீமா. அப்போது பதினொரு வயது. பள்ளிக்கூடம் வருமுன் எங்கள் வீட்டு மூலையில் ஒரு பாயில் இருந்துகொண்டு, காலடிச் சத்தத்தை வைத்து வருகிறவர் போகிறவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தவள். இப்போது விரலால் வாசித்துவிட்டு என்னையே கேள்வி கேட்கிறாள். அவளைத் திரும்பவும் அந்தப் பாயில் கொண்டுபோய் இருத்த என்னால் முடியாது.

பேப்பரில் விளம்பரம் போட்டோம். இரண்டு பேர் வந்தார்கள். முதலாமவர் பிள்ளைகளைப் பார்த்துக் கண்கலங்கி, “நாளைக்கு வாறன்” என்று போனவர்தான். இரண்டாமவர், “கண் தெரியிற புள்ளைகளையும் கொஞ்சம் சேக்கேலாதா?” என்று கேட்டார். கடைசியில் பள்ளிக்கூடச் சபைத் தலைவர் மில் ஹாஜியார் கையை விரித்தார்.

“வரமாட்டன் எண்டவன வரப்பண்ணுற ஆள் நம்மட ஊருல ஒருத்தர்தான் இரிக்காரு. அவரக் கூப்பிடுங்க.”

சுபஹுக் காக்கா வந்தார். முதல் கேள்வியே, “பொண்ணு எப்பிடி?”

“பொண்ணு இல்ல காக்கா, பள்ளிக்கூடம்!” என்றேன்.

“அது வெளங்குது. என்ன குறை? என்ன நிறை? வீடு குடுப்பீங்களா?”

எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார்தான் வீடு கொடுப்பார்கள். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து அதில் குடியிருப்பான். பள்ளிக்கூடத்துப் பின்வளவில் அதிபருக்கென்று இரண்டு அறை விடுதி இருப்பதைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“வீடு இரிக்கா? மறுகா என்னத்துக்குப் பயப்படுறீங்க?”

சம்மாந்துறையில் ஒரு மாஸ்டர் இருப்பதை அவரே கண்டுபிடித்தார். கொழும்பில் பிரெய்ல் படித்துவிட்டு, ஊரில் சாதாரணப் பள்ளிக்கூடமொன்றில் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தார் அந்த மனிதர். வெள்ளிக்கிழமை சுபஹு முடிந்ததும் காக்காவைச் சைக்கிள் காரியரில் ஏற்றிக்கொண்டு மிதித்தேன். வழியெல்லாம் நான் ஓதிக்கொண்டு போனேன். அவர் பின்னாலிருந்து வயல்களில் யாருடைய வெள்ளாமை நல்லா வந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

மாஸ்டரின் வாசலில் வழக்கம்போல் ஒரு நிமிடம் நின்றார். பிறகு போய்க் கதிரையில் உட்கார்ந்தார். மாஸ்டர் ஈர முகத்தோடு வந்து நின்றார். கதவுச் சீலைக்குப் பின்னால் அவருடைய மனைவி சுலைஹா ராத்தாவின் கால் விரல்கள் தெரிந்தன.

“சேர், ஒரு நல்ல இடம் வந்திரிக்கி” என்று தொடங்கினார் காக்கா.

“எனக்கா?”

“ஒங்களுக்குத்தான். பொறுமையான இடம். வீடும் தாறாங்க.”

“காக்கா, நான் கலியாணம் முடிச்சவன்!”

“அத அவங்க ஒரு குறையா எடுக்கல்ல சேர்.”

நான் பதறிப்போய், “காக்கா, பள்ளிக்கூ...” என்று வாயெடுத்தேன். தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முதல் நாளில் இடத்தின் பெயரைச் சொல்வதில்லை என்பது அவருடைய தொழில் ஒழுங்கு. பேச்சு முறிந்தால் பெண் வீட்டுக்குப் பெயர் கெட்டுப்போகுமாம்.

“பதினாலு புள்ளைகளும் இரிக்கி. கண் பார்வைதான் இல்ல. மத்தப்படி ஒரு குறையும் சொல்லேலா” என்றார் காக்கா.

உள்ளே ஒரு பாத்திரம் விழுந்தது. காக்கா அசையவில்லை. “இப்ப ஒண்டும் சொல்லாதீங்க. திங்கக்கிழமைக்கு முந்தி ஒரு ஓம் எண்டு சம்மதம் சொன்னாப் போதும்” என்று எழும்பி நடந்தார்.

கலியாணம் முடித்தவன் வீட்டுக்கு விடியற்காலையில் தரகர் வந்தால் அதற்கு எங்கள் ஊர்களில் ஒரே அர்த்தம்தான். இரண்டாம் கலியாணம். மத்தியானம் ஜும்ஆ தொழுதுவிட்டு மாஸ்டர் வீடு திரும்பியபோது அவருடைய பெட்டி வெளியே வளவு வாசல் கடப்படியில் இருந்திருக்கிறது. வீடு ராத்தாவுடையது. யாரிடம் போய் முறையிடுவது?

பின்னேரம் அந்தப் பெட்டியோடு விசாரித்துக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டார். “எங்க அந்த மனிசன்? காலை முறிக்காமப் போகமாட்டன்” என்றார். காக்காவுக்கு ஆளனுப்பிவிட்டு, நான் முழு விஷயத்தையும் சொன்னேன். மாஸ்டர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“பள்ளிக்கூடமா? அதச் சொல்ல ஒங்களுக்கு வாய் இல்லியா?” என்று கேட்டார், அப்போதுதான் வந்து சேர்ந்த காக்காவைப் பார்த்து.

“சொன்னா நீங்க யோசிப்பீங்க சேர். இப்ப பாருங்க, யோசிக்காம வந்துட்டீங்க. இரிக்க ஒரு வீடும் இரிக்கி, வாங்க” என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார் காக்கா. போக்கிடமில்லாத மாஸ்டர் பின்னால் போனார்.

சனிக்கிழமை முழுக்க மாஸ்டர் விடுதியைவிட்டு வெளியே வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். பிள்ளைகள் வாசிப்பது அவருக்குக் கேட்டிருக்கிறது. றஹீமா ஒரு வரியில் தடுமாறித் தடுமாறி நின்றாள். மூன்றாம் தரம் தடுமாறியபோது அவர் எழும்பி வந்து, “ரெண்டு கையையும் வையுங்க மகள். ஒண்டு வாசிக்கட்டும், மத்தது அடுத்த வரியத் தேடட்டும்” என்றார். பிறகு பகல் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் அவர் பிள்ளைகளுக்கு நடுவிலிருந்து எழும்பவில்லை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் பொறுப்பேற்கும் கடிதத்தை நீட்டியபோது கையெழுத்துப் போட மறுத்தார்.

“செயலாளர், எனக்கு விருப்பம்தான். ஆனா அவ இல்லாம நான் இஞ்ச இரிக்கேலா. இருபது வருசம் அவட கையால சாப்பிட்டவன். அவ ஓம் எண்டாத்தான் நான் ஓம்.”

நான் சைக்கிளை எடுத்தேன். ராத்தாவிடம் போய்க் காலில் விழுந்தாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று. காக்கா ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டார்.

“போகாதீங்க. விளக்கம் சொன்னா மனிசி வீட்டோட இரிந்து யோசிக்கும். கோவத்தோட விடுங்க, தானா வரும். பொண்ணுப் பாக்கிறதுக்கு நேரிலதான் வரணும்.”

“வராட்டி?”

“வரும்.”

“நாளைக்குத் திங்கக்கிழமை காக்கா! எண்ட புள்ள...” எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். சைக்கிளை மட்டும் விடவில்லை.

பின்னேர அசர் தொழுகைக்குச் சற்று முன்னே சம்மாந்துறைப் பக்கத்து பஸ் வந்து நின்றது. சுலைஹா ராத்தா தம்பியோடு இறங்கினார். புருசன் எங்கே தங்கியிருக்கிறார் என்று விசாரித்து, நேரே பள்ளிக்கூடத்துக் கடப்பைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

“எங்க அவள்?”

“எவள் ராத்தா?” என்றேன்.

“பதினாலு புள்ளக்காரி!”

காக்கா உள்ளே கையைக் காட்டினார். “போய்ப் பாருங்க மகள்” என்றார்.

ராத்தா படியில் செருப்பை உதறினார். ஒன்று வாசலுக்கு நடுவில் போய் விழுந்தது. அதே நேரம் பிள்ளைகள் கிணற்றடியில் முகம் கைகால் கழுவிவிட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். முன்னுக்கு றஹீமா. ராத்தா நின்ற இடத்திலேயே நின்றார். பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பார்த்தார். பதினாலாவது பிள்ளையைப் பார்க்குமுன்பே அவருக்கு எல்லாம் விளங்கியிருக்க வேண்டும். றஹீமாவின் கால் அந்தச் செருப்புக்கு ஒரு அடி தூரத்தில் வரும்போது, ராத்தா பாய்ந்து குனிந்து அதை எடுத்தார்.

எடுத்தவர் நிமிரவில்லை. வாசலில் கிடந்த செருப்பு எல்லாவற்றையும் எடுத்துச் சுவரோரமாக அடுக்கத் தொடங்கினார். ஒரு சோடியைத் தூக்கிப் பிடித்துச் சத்தம் போட்டார்.

“ஆருட இது? கண் தெரியாத புள்ளைகள் நடக்கிற வாசலா இது? தடுக்கி விழுந்தா ஆரு பொறுப்பு?”

அது என்னுடையது. கண் தெரியாத பிள்ளையைப் பெற்ற தகப்பன், அந்தப் பள்ளிக்கூடத்தின் செயலாளர், நான்தான் அதை நடுவாசலில் கழற்றிப் போட்டிருந்தேன். இன்றைக்கு எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

காக்கா என் காதுக்குப் பக்கத்தில் வந்தார். “முடிஞ்சிது செயலாளர்.”

“மாஸ்டர் இன்னும் கையெழுத்துப் போடல்லயே?”

“மாஸ்டர ஆரு பாத்த? வெள்ளிக்கிழமை நான் அந்த வீட்டு வாசலத்தான் பாத்தன். ஒரு செருப்புக் குறுக்கால கிடக்கல்ல.”

உள்ளே ராத்தா கணவனை ஏசுவது கேட்டது. “இதச் சொல்லியிருக்கலாமே? இந்தப் புள்ளைகளுக்கு ராவைக்கு என்ன சாப்பாடு? ஆரு ஆக்குற?” தம்பியை அடுத்த பஸ்ஸிலேயே திருப்பி அனுப்பித் தன் உடுப்புப் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். எங்கள் பக்கத்தில் ஒரு பெண் தன் சீதன வீட்டைப் பூட்டிவிட்டுப் புருசன் வேலை செய்யும் இடத்துக்குக் குடிவந்ததை அதற்குமுன் நான் கண்டதில்லை. திங்கட்கிழமை அதிகாரி வந்தபோது கடிதத்தில் கையெழுத்து இருந்தது.

காக்காவுக்கு என்ன கொடுப்பது என்று ஹாஜியார் கேட்டார். “மாப்பிள்ள வீட்டுச் சோறு ஒரு நேரம் காணும், வேற வேணாம்” என்றவர், பிறகு எண்பதுகள் முழுக்க மாதத்துக்கு நாலு தடவை அந்த ஒரு நேரச் சோற்றைச் சாப்பிட்டார்.

வருசங்கள் போயின. றஹீமா படித்து முடித்து அதே பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துப் படிப்பிக்கத் தொடங்கினாள். அவளுக்கு மூத்த பிள்ளைகள் இருவரின் கலியாணத்துக்கும் காக்காதான் எங்கள் வீட்டுக்கு வந்தார். அதோடு இனி அவருக்கு இந்தக் கடப்பில் வேலையில்லை என்று நினைத்திருந்தேன். நானாகக் கேட்கவும் வாய் வரவில்லை. அவர் என்ன முகத்தோடு என்னைப் பார்ப்பாரோ என்ற பயம்.

எண்பதுகளின் கடைசியில் ஒருநாள். சுபஹு முடிந்து கொஞ்ச நேரம். குசினியில் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த றஹீமா குரல் கொடுத்தாள்.

“வாப்பா, சுபஹுக் காக்கா வாறாரு. இடது செருப்பு இழுபடுது.”

வந்தார். எங்கள் வாசலில் ஒரு நிமிடம் நின்று பார்த்தார். செருப்புகள் எல்லாம் சுவரோரமாகத்தான் இருந்தன. உள்ளே வந்து என் கதிரையில் உட்கார்ந்தார்.

“ஒரு இடம் வந்திரிக்கி” என்றார், எந்த வீட்டிலும் சொல்வதுபோல.

உள்ளிருந்து மகள்தான் கேட்டாள்.

“பேர் சொல்லமாட்டீங்க, தெரியும். அவங்கட வாசலப் பாத்தீங்களா காக்கா?”

“பாத்தன் மகள். ரெண்டு தரம் போய்ப் பாத்தன்.”

அவள் சிரிப்பது கேட்டது. கேத்தலில் தண்ணீர் கொதிக்கும் சத்தமும் கேட்டது.

“தேத்தண்ணிக்கு ஒரு அவசரமும் இல்ல மகள்” என்றேன்.