வெயிலுக்குப் போர்வை போர்த்தியவர்

புனே நகரத்தில் ஒழுங்காகக் கோபப்படத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். மற்றபடி நாமெல்லாம் சிக்னலில் ஹாரன் அடிப்போம், அபார்ட்மென்ட் சொசைட்டி மீட்டிங்கில் குரலை உயர்த்துவோம், வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிடுவோம். அது கோபமில்லை, அஜீரணம். நிஜக் கோபம் என்றால் காலையில் அதை எழுப்பிக் குளிப்பாட்டி, இஸ்திரி போட்டு, கூடவே வேலைக்கு அழைத்து வரவேண்டும். அப்படி அழைத்து வந்தவர் போர்வை மேடம்.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லித் தேடினால் எங்கள் வாட்ச்மேனே 'அப்படி யாரும் இங்கே இல்லை' என்று அனுப்பிவிடுவார்.

கசார்வாடியில், பழைய மும்பை நெடுஞ்சாலையை ஒட்டி, லேத் பட்டறைகளுக்கு மேலே எங்கள் பயிற்சி மையம் இருந்தது. மொட்டை மாடியில் சோலார் பேனல் பொருத்துகிறவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, தேர்வு வைத்து, சான்றிதழ் வாங்கித் தருவது தொழில். நான் அங்கே நிர்வாகி. டீ சொல்வதிலிருந்து தேர்வுக்கு ஏற்பாடு செய்வது வரை எல்லாம் என் தலையில்தான். மேடம் பயிற்சியாளர். எலெக்ட்ரிக்கல் டிப்ளமா படித்தவர், ஐம்பதைத் தாண்டியவர். வேலூர்ப் பக்கத்திலிருந்து எந்தக் காலத்திலோ பட்டாளத்தோடு வந்து வானவடியிலேயே தங்கிவிட்ட கிறிஸ்தவக் குடும்பம். தினமும் ஸ்கூட்டரில் வருவார். கால் வைக்கும் இடத்தில் மடித்த சோலாப்பூர்ப் போர்வை ஒன்று இருக்கும்.

அந்தப் போர்வை எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். வெயில் பட்டால் பேனலில் மின்சாரம் வரும். சுவிட்சை அணைத்தாலும், சுவிட்சுக்கு அந்தப் பக்கம், பேனலுக்குள், அது உட்கார்ந்துகொண்டுதான் இருக்கும். ஆகவே எந்தப் பேனலைக் கழற்றுவதானாலும் முதலில் அதன்மேல் கனமான போர்வையைப் போர்த்தி, நாலு மூலையையும் கயிற்றால் கட்டி, இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்கவேண்டும். இது மேடத்தின் சட்டம்.

"சுவிட்சை ஆஃப் பண்ணா சூரியன் ஆஃப் ஆயிடுமா? அவன் மேல நின்னுக்கினு நம்மளையே பாத்துக்கினு இருக்கான். மொதல்ல மூடு."

பயிற்சிக்கு வந்தவர்களில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. மேடம் இந்தியில் ஆரம்பிப்பார், கோபம் ஏறினால் மராத்திக்குத் தாவுவார், உச்சத்தில் தமிழுக்கு வந்துவிடுவார். தமிழ் காதில் விழுந்தால் அர்த்தம் புரிகிறதோ இல்லையோ, எல்லோரும் பேனலிலிருந்து கையை எடுத்துவிடுவார்கள். தமிழால் உயிர் பிழைத்த மராத்தியர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் உண்டு.

வகுப்பறையில் ட்யூப் லைட் வெளிச்சத்தில் சாத்தி வைத்திருந்த பேனலுக்கும் போர்வை உண்டு. என் மேசையில் ஒரு கால்குலேட்டர் இருந்தது, வெளிச்சத்தில் வேலை செய்யும் ரகம். ஒருநாள் அதன் மேல் ஒரு கைக்குட்டை கிடந்தது. யார் போட்டது என்று நான் விசாரிக்கவில்லை.

எங்கள் முதலாளியைப் பற்றியும் சொல்லவேண்டும், சொன்னால் எனக்கு இப்போதும் ரத்தம் கொதிக்கிறது. மொத்தப் பயிற்சிக்கும் ஒரே ஒரு ஹெல்மெட்டும் ஒரே ஒரு பாதுகாப்பு பெல்ட்டும் வாங்கிக் கொடுத்த புண்ணியவான் அவர். அந்த ஹெல்மெட்டை ஒவ்வொரு தலையாக மாற்றி வைத்துப் போட்டோ எடுத்து, மேலிடத்துக்கு அனுப்பி வைப்பார். மேடம் போய்க் கேட்டபோது, "அது போட்டோவுக்குத்தானே மேடம்" என்றார். "அப்ப கீழ விழறதும் போட்டோலதான் விழுவானா?" என்று மேடம் தமிழிலேயே கேட்டார். முதலாளிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் மறுவாரம் ஐந்து ஹெல்மெட் வந்தது.

அதே முதலாளி புதிய பேனல்களைத் திறந்து வைக்க உள்ளூர்ப் பிரமுகர் ஒருவரை அழைத்திருந்தார். பிரமுகர் பேனலின் மேல் கை வைத்தபடி போட்டோவுக்கு நிற்கவேண்டும் என்பது ஏற்பாடு. மேடம் குறுக்கே வந்து போர்வையைப் போர்த்தினார். சும்மா மேலே தொடுவதில் ஆபத்தில்லை என்று நான் காதில் கிசுகிசுத்தேன். "சும்மா தொடறவன்தான் நாளைக்கு ஒயரையும் தொடுவான்" என்றார். மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. மாலை போட்ட பிரமுகர், பக்கத்தில் மயில் போட்ட சோலாப்பூர்ப் போர்வை. அதைப் பார்த்துவிட்டு ஔந்திலிருந்து ஒரு அம்மாள் போன் செய்து, டபுள் சைஸ் இருக்கிறதா, கலர் போகுமா என்று விசாரித்தார்.

மேடத்தின் கோபத்துக்குக் காரணம் தேடி ஆளாளுக்கு ஒரு கதை கட்டினார்கள். அவருடைய தம்பி பேனல் ஷாக் அடித்துப் போய்விட்டான் என்றார் ஒருவர். தம்பி இல்லை, கட்டிக்கொள்ள இருந்தவர் என்றார் இன்னொருவர். நானும் ஒருநாள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, இழவு வீட்டில் பேசுவதைப்போலக் கேட்டேன்.

"அக்கா, உங்க வீட்டில யாராவது...?"

"யாரும் சாவல தம்பி. எல்லாரும் குண்டுக்கல்லு மாதிரி இருக்காங்க." என்னை மேலும் கீழும் பார்த்தார். "எனக்குக் கோவம் வர்றதுக்கு ஒருத்தன் செத்துட்டுத்தான் வரணுமா? முன்னாடியே வந்தா ஒத்துக்க மாட்டியா?"



இப்போது தேர்வு நாளுக்கு வருகிறேன். அந்தக் குழுவில் இருபது பேர். சாக்கனில் ஒரு கம்பெனி அத்தனை பேரையும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. ஒரே நிபந்தனை, கையில் சான்றிதழ் இருக்கவேண்டும். திங்கட்கிழமை வேலையில் சேரவேண்டும், வெள்ளிக்கிழமை தேர்வு. அவர்களில் சந்தோஷ் என்று ஒருவர். எங்களுக்குக் கீழே இருந்த லேத் பட்டறை மூடியதும் படியேறி வந்து சேர்ந்தவர், இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன். சாக்கன் வேலையை நம்பி, கிடைத்த டெலிவரி வேலையையும் விட்டிருந்தார்.

தேர்வை நடத்த வெளியூரிலிருந்து தேர்வாளர் வந்தார். மே மாத வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு பேனலைக் கழற்றித் திரும்ப மாட்டவேண்டும், அதற்குக் குறித்த நேரம் உண்டு. முதல் ஆள் சந்தோஷ். சுவிட்சை அணைத்தார், மின்சாரம் ஓடுகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்தார், பிறகு போர்வையை எடுத்து உதறினார். தேர்வாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சந்தோஷ் நிதானமாகப் போர்த்தி, ஒவ்வொரு மூலையாகக் கட்டி, நாலாவது முடிச்சை இழுத்துப் பார்த்து, பேனலைக் கழற்றி, பாதி மாட்டும்போது நேரம் முடிந்துவிட்டது. தேர்வாளர் தாளில் பெருக்கல் குறி போட்டார்.

"இது என்ன படுக்கை விரிக்கிற பயிற்சியா? சிலபஸில் போர்வை எங்கே இருக்கிறது?" என்று இந்தியில் கேட்டார்.

எனக்கு வந்த கோபத்தில் மேடத்தைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன்.

"அக்கா, இன்னிக்கு ஒருநாள் போர்வையை விட்டுடுங்க. திங்கக்கிழமை வேலை. இருபது பேர் சோத்தில மண்ணைப் போடாதீங்க."

"வேலைக்குப் போனா போதுமா? வீட்டுக்குத் திரும்பி வரவேணாமா?"

"அதுக்குத்தான் சுவிட்ச் இருக்கு, மீட்டர் இருக்கு. அவர் சொல்றது ஒண்ணும் தப்பில்ல."

"தப்புன்னு நான் எப்ப சொன்னேன்? சுவிட்ச் கெட்டுப் போவும். மீட்டர்ல பேட்டரி தீந்து போவும். போர்வைல இன்னா கெட்டுப் போவும், சொல்லு பாக்கலாம்."

"கிழியும்" என்றேன்.

"கிழிஞ்சா கண்ணுக்குத் தெரியும்."

இப்படிப்பட்ட ஆளிடம் என்னதான் பேசுவது? பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மேடம் தொட்டியைத் தாண்டி எட்டிப் பார்த்தார். சந்தோஷ் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு நின்றார். சொல்லிக் கொடுத்ததை அப்படியே செய்து தோற்றவர் முகம் வேறு எப்படி இருக்கும்?  

பிறகு நேராகப் போய்த் தேர்வாளரிடம், "அவன் செய்தது என் தப்பு. கடைசியில் அவனுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள்" என்று இந்தியில் கேட்டார். தேர்வாளர் தலையசைத்தார். மேடம் பேனலிலிருந்து போர்வையை அவிழ்த்து எடுத்தார். எல்லோரையும் பார்த்து, "போர்வை வேண்டாம். அவர் சொல்கிற மாதிரி செய்யுங்கள்" என்றார். மாடியின் மூலைக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். மயில் வெளியே தெரியும்படி போர்வையைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

மே மாதம், உச்சி வெயில், மொட்டை மாடி. உள்ளே ஒரு மனுஷி முழுசாக உட்கார்ந்திருக்கிறார்.

"மேடத்துக்கு என்ன ஆச்சு?" என்றார் தேர்வாளர்.

"குளிருது சார்" என்றேன். வேறு என்ன சொல்வது?

தேர்வு நடந்தது. ஒவ்வொருவரும் பேனலிடம் போகுமுன் அந்த மயிலை ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் மீட்டரை எடுக்காமலே குனிந்தபோது, எப்படித்தான் தெரிந்ததோ, போர்வைக்குள்ளிருந்து ஓர் உறுமல் கேட்டது. அவர் சட்டென்று மீட்டரை எடுத்தார். தேர்வாளர் பேனாவைக் கீழே வைத்தார்.

"வெளியிலிருந்து உதவி செய்யக்கூடாது."

காலையிலிருந்து சேர்த்து வைத்திருந்த கோபமெல்லாம் எனக்கு அப்போது பயன்பட்டது. "போர்வையே சிலபஸில் இல்லை என்றீர்கள். அப்புறம் அதற்குள்ளிருந்து வரும் சத்தத்தை மட்டும் எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?" என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார், மயிலைப் பார்த்தார், பேனாவை எடுத்துக்கொண்டார்.

கடைசியில் சந்தோஷ் மறுபடி போனார். குறித்த நேரத்துக்கு முன்பே முடித்துவிட்டார். இருபது பேரும் பாஸ். கைதட்டல் கேட்டுப் போர்வை விலகியது. மேடத்தின் முகம் செக்கச்செவேலென்று, தொப்பலாக நனைந்து, கண்ணெல்லாம் சிவந்திருந்தது. வியர்வைதான் என்று நாங்கள் முடிவு செய்துகொண்டோம். அவர் வாழ்த்துச் சொல்வார் என்று வரிசையாக நின்றவர்களை இந்தி, மராத்தி இரண்டையும் தாண்டி, எடுத்த எடுப்பில் தமிழிலேயே திட்டத் தொடங்கினார். இருபது பேரும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்கள்.

அடுத்த வருஷமே முதலாளி, "இப்போ சோலார் போணியாகலை, ட்ரோன்தான்" என்று போர்டை மாற்றிவிட்டார். பேனல்கள் இருந்த இடத்தில் ட்ரோன் படம் வரைந்தார்கள். மேடம் அவரோடு சண்டை போட்டுவிட்டு வானவடிக்குப் போனார், நான் சண்டை போடாமலே வெளியே வந்தேன். அந்த ஆளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை.

போன மாதம் ஔந்தில் எங்கள் சொசைட்டி மாடியில் ஒரு பேனல் பழுது. சாக்கனிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். எனக்கு முன்பின் தெரியாத முகங்கள். சுவிட்சை அணைத்தார்கள், மீட்டர் பார்த்தார்கள். அதன் பிறகு ஒருவர் பையிலிருந்து ஒரு சோலாப்பூர்ப் போர்வையை எடுத்து உதறினார். 

"இதை யார் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டேன்.

"சந்தோஷ் தாதா. எங்க சூப்பர்வைசர்." தாதா என்றால் மராத்தியில் அண்ணன்.

"எதுக்காம்?"

அவர் தோளைக் குலுக்கினார். "போடாட்டி தாதாவுக்குக் கோபம் வரும். ஏதோ ஒரு பாஷையில திட்டுவார். ஒரு வார்த்தை புரியாது."

அவர்கள் போனதும் வானவடிக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன்.  "நாலு மூலையும் கட்டினாங்களா?" என்று கேட்டார்.

"மூணுதான் கட்டினாங்க அக்கா."

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார். அவர்களை, சந்தோஷை, பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்த என்னை, ஒருவரையும் விடவில்லை. போனைக் காதில் வைத்தபடி மாடிப்படியிலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் நாலு மூலையும்தான் கட்டியிருந்தார்கள். மூன்று என்று நான்தான் சொன்னேன். அவர் திட்டிக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.