பத்தாவது ஆள்

"மார்க் எவ்வளவும்மா?"

பெரியவர் மூன்றாவது தடவையாகக் கதவுக்கு வெளியிலிருந்து கேட்டார். உள்ளே அவள் விடைத்தாளின் மேல் இரண்டு கையையும் விரித்து மூடிக்கொண்டாள். கதவு தாழிட்டுத்தான் இருந்தது. இருந்தாலும் கை தானாகப் போய் மூடியது.

அவள் மருத்துவ உளவியலில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள். முப்பத்தெட்டு வயதில், பார்த்துக்கொண்டிருந்த பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். வீட்டில் முதலில் எல்லோரும் அவளை 'வருங்கால டாக்டர்' என்று கூப்பிட்டார்கள். படிப்பு ஐந்து வருஷம் என்று தெரிந்ததும் அது சுருங்கி வெறும் 'வருங்காலம்' ஆகிவிட்டது.

இரண்டாம் வருஷத்தில் மருத்துவமனை வார்டுக்குள் விடுவதற்கு முன்னால் ஒரு நிபந்தனை உண்டு. அறிவுத்திறன் சோதனையை நோயாளிகள் அல்லாத பத்துப் பேருக்கு நடத்திப் பழக வேண்டும். பத்து விடைத்தாளையும் பேராசிரியை பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். வருகிற திங்கட்கிழமை கடைசி நாள். கூடப் படிக்கிற பிள்ளைகள், தெருவில் இருக்கிறவர்கள் என்று எட்டுப் பேரைத் தேற்றிவிட்டாள். ஒன்பதாவதாக வீட்டிலேயே அவள் ஓர்ப்படி, கணவனின் அண்ணன் மனைவி, உட்கார்ந்தாள். பத்தாவதாக வர வேண்டிய பக்கத்து வீட்டு நர்ஸ், டியூட்டி மாறிவிட்டது என்று சனிக்கிழமை காலையில் கைவிரித்துவிட்டாள்.

அப்போதுதான் அவள் கணவனின் அண்ணன் செய்தித்தாளை நான்காக மடித்து வைத்துவிட்டு, "நான் உக்கார்றேன்" என்றார்.

வீட்டுக்கு அவர்தான் பெரியவர். தேர்வுத் துறையில் அதிகாரி. இருபத்தாறு வருஷமாக ஊரார் பிள்ளைகளுக்குக் கேள்வித்தாள் தயாரிக்கிறவர். தான் கடைசியாக எழுதிய பரீட்சை எது என்று அவருக்கே நினைவில்லை.

சோதனை ஒன்றே முக்கால் மணி நேரம் நடந்தது. அவர் பதில் சொன்ன நேரத்தைவிடக் கேள்வியைத் திருத்திய நேரம்தான் அதிகம். குடைக்கும் சட்டைக்கும் என்ன ஒற்றுமை என்று கேட்டதற்கு, மழைக்குடையா வெயில் குடையா என்று தெளிவாகச் சொல்லாதது கேள்வியின் குறை என்றார். பதினாலாவது கேள்விக்கு இரண்டு விடை சரி என்று விளக்கினார். படத்தில் உள்ளபடி சிவப்பு வெள்ளைக் கட்டைகளை அடுக்கச் சொன்னபோது, அச்சு கோணலாக இருக்கிறது என்று படத்தை நேராக்கிவிட்டு அடுக்கினார். அவள் கையில் நிறுத்துக்கடிகாரம் அதன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள்.

எழுந்த கையோடு மார்க் கேட்க ஆரம்பித்தவர்தான். அவள் அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டு, அவர் தட்டத் தட்ட, அட்டவணையைப் பார்த்துப் பார்த்துக் கூட்டினாள்.

தொண்ணூற்றிரண்டு வந்தது.

மறுபடி கூட்டினாள். அதேதான். நூறுதான் சராசரி. அதோடு போனால்கூடச் சமாளித்திருப்பாள். போன வாரம் துணி காயப்போட்டுவிட்டு வந்து, அது காய்வதற்குள் சோதனையை முடித்துக்கொண்டு எழுந்து போன ஓர்ப்படிக்கு நூற்று நான்கு.

கல்யாணமாகி முப்பது வருஷமாக, மனைவியிடம் யார் எதைக் கேட்டாலும், "அவளுக்கு என்ன தெரியும், என்னைக் கேளு" என்று சொல்லி வருகிற மனிதர் அவர். இந்த இரண்டு எண்ணும் வெளியே வந்தால் வீடு தாங்காது.

நல்லவேளையாக விதி ஒன்று இருந்தது. பயிற்சியில் இருக்கிறவர்கள் போடும் மதிப்பெண்ணை யாரிடமும் சொல்லக் கூடாது. ஒப்புதல் படிவத்திலேயே அச்சடித்திருக்கிறது. அவள் கதவைத் திறந்து அதைக் காட்டினாள்.

"இதெல்லாம் வெளி ஆளுங்களுக்கும்மா. நான் இருபத்தாறு வருஷம் ரிசல்ட்டைக் கையில வச்சுக்கிட்டு வாயைத் திறக்காதவன்" என்றார் பெரியவர்.

"நல்லா பண்ணீங்க மாமா."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் விடவில்லை.

"போன வாரம் உங்கக்காகிட்டயும் நல்லா பண்ணீங்கன்னுதானே சொன்ன?"

"நீங்க ரொம்ப நல்லா."

அந்த 'ரொம்ப' மத்தியானச் சாப்பாட்டுக்குள் வீடு முழுக்கப் பரவிவிட்டது. பெரியவர் தம்பியிடம் சொன்னார், போனில் மகளிடம் சொன்னார், அலுவலகக்காரர்கள் இரண்டு பேரிடம் சொன்னார். சாப்பிட்டுக் கை கழுவும்போது, ரொம்ப என்றால் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடு, பத்திரமாக வைத்துக்கொள்கிறேன் என்றார்.

அவள் கணவனைத் தனியாகக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னாள். அவன் முதலில் பத்து நிமிஷம் தலையணையில் முகம் புதைத்துச் சிரித்தான். பிறகு அவனே வழியும் சொன்னான். கடிகாரம் சரியாக ஓடவில்லை, அதனால் இந்தச் சோதனை செல்லாது என்று சொல்லிவிடு. செல்லாத சோதனைக்கு ஏது மார்க்?

வருங்காலம் அப்படியே போய்ச் சொன்னாள். பெரியவர் கோபப்படவில்லை. அப்படியானால் நாளைக்கே மறுபடி நடத்து என்றார். ஒரே ஆளுக்கு ஒரு வருஷத்துக்குள் மறுபடி நடத்தக் கூடாது என்று அவள் மென்று விழுங்கினாள். அவர் எழுந்து நின்றார்.

"தேர்வுல கோளாறுன்னா மேலிடத்துக்குத் தெரிவிக்கணும். மூடி மறைச்சா நாளைக்கு உன் பேர்தான் கெடும். நீ கவலைப்படாத, நான் பாத்துக்கறேன்."

படிவத்தின் அடியில் பேராசிரியையின் தொலைபேசி எண் இருந்தது. அவர் வராந்தாவில் நடந்துகொண்டே நாற்பது நிமிஷம் பேசினார். ஜன்னல் வழியாக அவளுக்குத் துண்டு துண்டாகக் கேட்டது. கடிகாரம் என்றார். பதினாலாவது கேள்வி என்றார். "ரொம்ப நல்லா பண்ணியிருக்கேன்னு அவளே சொன்னா மேடம்" என்றார்.

திரும்பி வந்தவர் முகம் மலர்ந்திருந்தது. "திங்கக்கிழமை பத்து மணிக்கு எல்லாத் தாளையும் எடுத்துக்கிட்டு உன்னை வரச் சொன்னாங்க. பொறுமையா கேட்டுக்கறாங்கம்மா, நல்ல மனுஷி."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் தன் குற்றங்களை எண்ணிக்கொண்டிருந்தாள். மதிப்பெண்ணை வெளியில் சொன்னது ஒன்று, பொய்யாகச் சொன்னது இரண்டு, ஓடிய கடிகாரத்தை ஓடவில்லை என்றது மூன்று. வார்டு இனி இல்லை, படிப்பும் இருக்குமோ இருக்காதோ. பழைய பள்ளிக்கூடத்தில் மறுபடி சேர்த்துக்கொள்வார்களா என்றுகூட யோசித்துப் பார்த்தாள். ஓர்ப்படி இரண்டு தடவை காபி கொண்டுவந்து வைத்தாள். இரண்டு தடவையும் ஏதோ கேட்க வந்தவள் போல நின்று, கேட்காமல் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை, பேராசிரியையின் அறையில் அவளை உட்காரச் சொல்லக்கூட இல்லை. அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். கணவன் யோசனை என்பதை மட்டும் சொல்லவில்லை. பேராசிரியை பத்துத் தாளையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார். பத்தாவதில் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"உங்க பெரியவருக்கு என்ன வயசு?"

"ஐம்பத்தேழு மேடம்."

"நீங்க பாத்த அட்டவணை யாருக்கு?"

அவள் குனிந்து பார்த்தாள். வயதுக்கு ஓர் அட்டவணை உண்டு; இதன் தலைப்பில் இருபதிலிருந்து இருபத்துநான்கு வயது வரை என்று கொட்டை எழுத்தில் இருந்தது. முதல் எட்டுப் பேரில் பெரும்பாலோர் அந்த வயதுப் பிள்ளைகள். கதவு தட்டிய தட்டில் பழக்கதோஷத்தில் அதே பக்கத்தைத் திறந்திருக்கிறாள். இருபது வயதுப் பையன்களோடு ஓடவிட்டால் ஐம்பத்தேழு வயது மனிதர் எந்த வேகத்தில் ஓடுவார்? சரியான பக்கத்தைத் திறந்து மறுபடி போட்டாள்.

நூற்றுப் பத்து.

ஒன்பதாவது தாளைப் பேராசிரியையே சரிபார்த்தார். அதில் அட்டவணை சரி, கூட்டல் சரி. நூற்று நான்கு நூற்று நான்குதான். அவளுக்கு மூச்சு வந்தது.

"பயிற்சியில இருக்கிறவங்க போடற மார்க்கை ஏன் வெளிய சொல்லக் கூடாதுன்னு இப்பப் புரியுதா?"

புரிந்தது என்றாள். பேராசிரியை அரை மணி நேரம் அதையும், பொய் சொன்னதையும், கதவைத் தட்டினால் கணக்குப் போடக் கூடாது என்பதையும் சேர்த்து விளாசினார். பத்துத் தாளையும் முதலிலிருந்து மறுபடி மதிப்பிட்டு, நடந்ததை ஒரு வரி விடாமல் எழுதி மாலைக்குள் தரச் சொன்னார். அவள் அங்கேயே நூலகத்தில் உட்கார்ந்து முடித்துக் கொடுத்தாள். நான்கு மணிக்குக் கையெழுத்து விழுந்தது. நாளை காலை எட்டு மணிக்கு வார்டில் இருக்க வேண்டும். அவள் கதவருகே போகும்போது பேராசிரியை தலையைத் தூக்காமலே, பதினாலாவது கேள்வியைப் பற்றி அவர் சொன்னது யோசிக்க வேண்டிய விஷயம்தான் என்றார்.

பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தது. நிறுத்தத்தைத் தாண்டும் வரை தூங்கிவிட்டாள். இரண்டு நாளில் அதுதான் முதல் தூக்கம்.

வீட்டில் பெரியவர் மார்க்கைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. பேராசிரியை அலுவலகத்துக்கே போன் செய்து, பதினாலாவது கேள்வியைப் பற்றிய ஆட்சேபத்தை எழுத்தில் தரச் சொன்னாராம். மேஜை மேல் நான்கு பக்கம் எழுதி முடித்து ஐந்தாவதில் இருந்தார். நிமிர்ந்து பார்த்து, "கையெழுத்துப் போட்டாங்களா? நான்தான் சொன்னேனே" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

சமையலறையில் ஓர்ப்படி அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கூடத்துப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நம்பரெல்லாம் வேண்டாம். அவருக்கு என்னைவிட அதிகம்தானே? அது ஒண்ணு மட்டும் சொல்லு."

வருங்காலம் காலையில் வாங்கிய திட்டை நினைத்துப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. தலையை மட்டும் ஒரு தடவை ஆட்டினாள்.

ஓர்ப்படி துணியைக் கீழே வைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தாள். நெஞ்சில் கை வைத்து நீளமாக மூச்சு விட்டாள்.

"அப்பாடா. எப்படியும் அவரும் ஒருநாள் வந்து உக்காருவார்னு தெரியும். நான் வேணும்னே தப்பாச் சொன்னது போதுமோ போதாதோன்னு ஒரு வாரமா தூக்கமே இல்ல."