நான் 'இங்கை' என்றேன், சோறு குழைந்தது

அம்மாவோடு தொலைபேசியில் கதைக்கும்போது எதிரில் யார் நிற்கிறார்கள் என்று ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது. நான் பார்க்கவில்லை. அதனால் ஒரு கலியாண வீட்டுச் சோற்றைக் களியாக்கினேன். அதுவும் பாரிஸில் எங்கள் ஆட்கள் கூடும் லா சப்பலில் இல்லை, போர்னியோத் தீவின் உள்நாட்டில், பஞ்சார் மக்கள் வாழும் ஒரு சின்னக் கிராமத்தில். (மானம் போவதற்கு அவ்வளவு தூரம் விமானம் ஏற வேண்டுமா என்பது அம்மாவின் கேள்வி.)

ரஹ்மத் அந்த ஊர்க்காரன். சென் தெனியில் படித்துக்கொண்டு, பாரிஸின் புறநகரான வில்லியே லே பெல்லில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் இருந்தான். தங்கையின் கலியாணத்துக்கு என்னையும் கூப்பிட்டான். நான் அப்போது லா சப்பலின் தமிழ்க் கடைத் தெருவான ரூ காயில் ஓர் உணவகத்தில் வேலை. குசினியில் வேலை என்று அவனிடம் சொல்லியிருந்தேன். பொய்யில்லை. குசினியின் பின்மூலையில் பிளோஞ் அடித்துக்கொண்டிருந்தேன், அதாவது சட்டி பானை கழுவினேன். ரஹ்மத் தன் வீட்டுக்கு அதை "பாரிஸில் பெரிய சமையல்காரன்" என்று மொழிபெயர்த்து அனுப்பியிருந்தான். படித்த பிள்ளை, ஏதோ மரியாதைக்குச் செய்திருக்கிறான்.

அந்த ஊரில் நிலம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. எல்லாம் சதுப்பு. வீடுகள் மரக்கால்களில் நிற்கும், வீட்டுக்கு வீடு பலகைப் பாதை. பள்ளிக்கூடத்துக்கு வள்ளம், மரக்கறி வாங்க வள்ளம், பக்கத்து வீட்டுச் சண்டையை விலக்கவும் வள்ளம். வாத்துகளுக்குத் தனி வீடு உண்டு, வில்லியே லே பெல்லில் என் அறையைவிட அது பெரிது. குளிப்பது ஆற்றில் மிதக்கும் மரத் தெப்பத்தில். முதல் நாள் சாரத்தோடு இறங்கினேன். சாரம் ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன். எதிர்க்கரையில் உடுப்புத் தோய்த்த பெண்கள் தங்கள் பெரிய ஓலைத் தொப்பிகளை முகத்துக்கு இறக்கி என் மரியாதையைக் காப்பாற்றினார்கள். தாண்டிப்போன எருமை ஒன்று என்னைவிட ஒழுங்காக நீந்தியது.

ரஹ்மத் எனக்கு இரண்டு சொற்கள் சொல்லித் தந்தான். பெரியவர்களுக்கு 'ஓம்' சொல்வதென்றால் 'இங்கி'. 'இல்லை' என்றால் 'கடா'. ஆனால் பெரியவர்களின் முகத்துக்கு நேரே 'கடா' என்று சொல்லக் கூடாது, அது பழக்கமில்லை என்றான். பிறகு பாடம் முடிந்தது.

கலியாணத்துக்கு முதல் நாள் பின்னேரம், வாசல் பலகையில் நின்று, வில்லியே லே பெல்லில் இருந்த அம்மாவோடு கதைத்துக்கொண்டிருந்தேன். காதுக்குள் செருகும் சின்னக் கருவிதான், வெளியே தெரியாது. ரஹ்மத்தின் அப்பா வந்து எனக்கு முன்னால் நின்றார். அவரை நானும் எல்லாரையும்போல 'அபா' என்றுதான் கூப்பிடுவேன். கீழே கிடந்த ஒரு பென்னம்பெரிய இரும்புத் தாச்சியைக் காட்டி ஏதோ கேட்டார்.

"எங்கையடா ரூபன் நிக்கிறாய்? குரல் வெட்டி வெட்டிக் கேக்குது," என்றாள் அம்மா.

"இங்கை."

"எங்கை?"

"இங்கைதான் அம்மா. இங்கை, இங்கை."

(யாழ்ப்பாணத்தில் 'இஞ்சை' என்று சொல்லுகிற வீடுகளும் உண்டு. அப்படி ஒரு வீட்டில் பிறந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.)

அபாவின் முகம் மலர்ந்தது. உள்ளே போய் நீளமான மரத் துடுப்பு ஒன்றை எடுத்துவந்து இரண்டு கையாலும் நீட்டினார். நானும் இரண்டு கையாலும் வாங்கினேன். மாப்பிள்ளையை அழைத்துவரும் வள்ளத்தை என்னிடம் தருகிறார்கள் என்று புரிந்துகொண்டேன். துடுப்போடு படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். "நீந்தத் தெரியாதவன் வள்ளத்தில ஏறாதை," என்று உடனே பதில் வந்தது.

காலையில் ரஹ்மத் மாப்பிள்ளை வீட்டாரை அழைத்துவரப் போய்விட்டான், என்னை விட்டுவிட்டு. அபா என் கையைப் பிடித்துக்கொண்டு தாச்சியடிக்குக் கூட்டிப்போனார். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கூடை கூடையாகக் கழுவிய அரிசி. சுற்றிவர ஆண்கள். அங்கே கலியாணச் சோறு ஆண்களின் வேலை. துடுப்பு யார் கையிலோ அவர்தான் தலைமை. துடுப்பு என் கையில் இருந்தது.

நேற்று அம்மாவுக்குச் சொன்ன 'இங்கை' அபாவின் காதில் எதற்கு 'இங்கி' ஆனது என்று அப்போதுதான் விளங்கியது. அந்த அரிசி கடையில் வாங்கியதில்லை. சதுப்பு வற்றும் மாதங்களில் அபா தன் வயலில் விளைவித்து, மகளின் கலியாணத்துக்கென்றே எடுத்துவைத்தது. மாப்பிள்ளை வீட்டார் மதியம் அதைத்தான் சாப்பிட வருகிறார்கள். 'கடா' என்று சொல்ல வாயைத் திறந்தேன். அபா என்னையே பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தார். வாயிலிருந்து 'இங்கி' வந்தது.

சோற்றைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அடிப்பிடித்தால் எப்படிச் சுரண்டுவது என்பதுதான். எங்கள் உணவகச் சமையல்காரர் தண்ணீர் விடும் சத்தத்தை முதுகுக்குப் பின்னால் கேட்டிருக்கிறேனே தவிர, பார்த்ததில்லை. ஆகவே சத்தத்தை வைத்து அளந்தேன். இன்னொரு வாளி வேண்டுமா என்று கையால் கேட்டார்கள். இங்கி. இன்னொன்று? இங்கி. அந்த மனிதர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், ஆனால் விருந்தாளியிடம் 'கடா' சொல்ல அவர்களுக்கும் மனம் வரவில்லை. பாரிஸ் முறை இதுதான் போல என்று நினைத்திருப்பார்கள். நானும் வள்ளம் ஓட்டுகிற ஆசையை அந்தத் தாச்சியிலேயே தீர்த்துக்கொண்டேன்.

அங்கே சோறு உதிரி உதிரியாக இருக்க வேண்டும். ஒட்டினால் அது வருத்தக்காரரின், அதாவது நோயாளியின், சாப்பாடு. நான் கையை எடுத்த பிறகும் துடுப்பு தாச்சிக்குள் நேராக நின்றது.

அபா ஒரு விரலால் எடுத்து ருசி பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் ஆற்றைப் பார்த்தார். எனக்கு அழுகை வந்தது, புகைதான் காரணம் என்று கண்ணைக் கசக்கினேன்.

பிறகு அவர் எதிர்வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். அந்த வீடு அடுத்த வீட்டுக்குக் கொடுத்தது. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் தன் வீட்டு மதியச் சோற்றுப் பானையோடு வள்ளத்தில் இறங்கிவிட்டாள். ஆறு முழுக்க வள்ளம். அந்த நேரம் பார்த்து ஆற்று வளைவில் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். தங்களை வரவேற்கத்தான் இந்த ஊர்வலம் என்று நினைத்து, எழுந்து நின்று கைபேசியில் படம் பிடித்தார்கள்.

ரஹ்மத் கரையில் குதித்து, இதெல்லாம் யார் ஏற்பாடு என்று அபாவைக் கேட்டான். அவர் என்னைக் காட்டி ஏதோ சொன்னார்.

"நீதான் செய்தாய் என்கிறார்," என்றான் ரஹ்மத். "உண்மையா?"

"இங்கி," என்றேன்.

களி முழுவதும் வாத்துகளுக்குப் போனது. நான் புறப்படும் வரை அவை என் பின்னாலேயே வரிசையாக நடந்தன. அந்த ஊரில் இன்றைக்கும் குழைந்த சோற்றுக்கு 'நாசி பாரிஸ்' என்று பெயர், பாரிஸ் சோறு. இங்கே என் வீட்டில் மகளைப் பாத்திரம் கழுவச் சொன்னால் "இங்கி, பப்பா" என்கிறாள், செய்யமாட்டாள் என்று அர்த்தம்.

போன மாதம் அபா கைபேசித் திரையில் வந்தார். ரஹ்மத்தின் தங்கைக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, விருந்து வைக்கிறார்கள். சிரித்துக்கொண்டே அந்தத் துடுப்பைத் தூக்கிக் காட்டினார். இந்தத் தடவை நான் விழிப்பாக இருந்தேன். பழக்கமாவது ஒன்றாவது என்று, தெளிவாக, மூன்று தரம் சொன்னேன்: "கடா. கடா. கடா."

பின்னால் நின்ற அம்மா எட்டிப் பார்த்தாள்.

"என்னடா, மூண்டு கடா அடிக்கினமோ? அப்ப நானும் வாறன்."

ரூ காய் முழுக்கச் சொல்லிவிட்டாள். இரண்டு சேலையும் எடுத்தாயிற்று. இனி யாராவது அபாவிடம் போய் மூன்று கடாவுக்குச் சொல்ல வேண்டும்.